ஐந்து படி, நாலு வருஷம்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போன வாரம் கூட்டம் முடிந்து விளக்கை அணைக்கும் சமயத்தில் ஒரு தோழர் எங்களிடம் வந்து செல்போனை நீட்டினார். முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில் குடியிருக்கிறார். பேத்தி ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் உங்கள் குழந்தையை உயர்தரக் கணக்கு வகுப்பில் சேர்க்கிறோம், வேண்டாமென்றால் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று அதில் கண்டிருந்தது. குழந்தைக்குப் பாரமாகிவிடுமோ, வேண்டாமென்று எழுதிவிடலாமா என்று மகள் கேட்கிறாள். "நான் எட்டாவதோடு நின்றவன், எனக்கு என்ன தெரியும்? நீங்கள் சொல்லுங்கள்" என்றார் தோழர்.

அவர் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் விஷயத்தைத் தோண்டத் தோண்ட, இது பஞ்சுக் காட்டிலும் ஆலையிலும் வேலை செய்கிற எல்லோரும் கேட்க வேண்டிய கதை என்று எங்களுக்குத் தோன்றிற்று.

முதலில் அல்ஜீப்ரா என்றால் என்ன? பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் ஆறு நாள் வேலை செய்தீர்கள். 300 ரூபாய் முன்பணம் பிடித்தது போக, கையில் 2,700 ரூபாய் வந்தது. ஒரு நாள் கூலி எவ்வளவு? பிடித்ததைத் திரும்பக் கூட்டுகிறீர்கள், 3,000. ஆறால் வகுக்கிறீர்கள், 500. இதைத்தான் பள்ளிக்கூடத்தில், தெரியாத கூலிக்கு ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். பெயர் தெரியாத ஆளை 'அவர்' என்று சொல்லி அவரைப் பற்றிப் பேசுகிறோம் அல்லவா, அது போல. சம்பளத் தாளைச் சரிபார்க்கத் தெரிந்த எவருக்கும் இதன் மூலம் புரியும்.

அப்படியானால் அந்த நாட்டில் இதற்கு ஏன் இத்தனை தள்ளுமுள்ளு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, நாலு வருஷம். அங்கே கணக்கை வருஷத்துக்கு ஒரு பாடமாக, ஏணி போல அடுக்கியிருக்கிறார்கள். முதல் அல்ஜீப்ரா, பிறகு ஜியோமிதி, இரண்டாம் அல்ஜீப்ரா, கால்குலஸுக்கு முந்திய பாடம், கடைசியில் கால்குலஸ். ஐந்து படி. இருப்பதோ நாலு வருஷம். பொறியியல், விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளை கால்குலஸ் முடித்திருக்கிறதா என்று பெரிய கல்லூரிகள் பார்க்கின்றன. ஐந்து படியையும் ஏற வேண்டுமானால் முதல் படியை எட்டாம் வகுப்பிலேயே மிதித்தாக வேண்டும். எட்டில் அது வேண்டுமானால் ஆறிலும் ஏழிலும் பாடத்தை வேகமாக முடித்திருக்க வேண்டும். ஆகவே பிள்ளைக்குப் பத்துப் பதினோரு வயதாகும்போதே தீர்ப்பு எழுதியாகிறது. பதினேழு வயதில் கல்லூரி வாசலில் நின்று "ஏன் என்னை விடவில்லை?" என்று அந்தப் பிள்ளை கேட்டால், "நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோதே முடிந்துபோன விஷயம்" என்பதுதான் பதில்! 2015-16 கணக்குப்படி அங்கே எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுத்தவர்கள் நாலில் ஒருவர்தான்.

யார் அந்த ஒருவர்? ஊருக்கு ஊர் விதி வேறு. ஓர் இடத்தில் பரீட்சை மார்க்கு, இன்னோர் இடத்தில் உபாத்தியாயர் சிபாரிசு, வேறோர் இடத்தில் பெற்றோர் போய்க் கேட்டால் இடம். கேட்டால் கிடைக்கும் என்பது நியாயம் போலத் தோன்றும். கேட்க வேண்டும் என்பதே தெரியாத வீடுகளின் கதி என்ன? ராத்திரி ஷிப்டு பார்க்கும் தாய் எந்தத் தேதிக்குள் எந்தக் காகிதம் கொடுக்க வேண்டும் என்று எங்கே போய்த் தெரிந்துகொள்வாள்? வட கரோலினா மாநிலத்தில் 2017இல் பத்திரிகைக்காரர்கள் பள்ளிக் கணக்குகளைப் புரட்டினார்கள். ஒரே மாதிரி உயர்ந்த மார்க்கு வாங்கியிருந்தும், ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகமாக உயர்தர வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. மறு வருஷமே அங்கே சட்டம் வந்தது: மேல் மட்ட மார்க்கு வாங்கிய பிள்ளையை உயர்தர வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும். பத்திரிகை என்றால் இப்படி இருக்க வேண்டும்!

இந்த இடத்தில் பாப் மோசஸ் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எங்களுக்கு மனமில்லை. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் 1935இல் பிறந்த கறுப்பினத்தவர். கணக்கு வாத்தியார். 1961இல் மிஸிஸிப்பி மாநிலத்துக்குப் போய், பருத்திக் காட்டில் வாரத்துக்கும் கூலிக்கும் உழைத்த கறுப்பு மக்களை வோட்டர் லிஸ்டில் சேர்க்கும் வேலையில் இறங்கினார். மண்டை உடைபட்டது. ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை.

அங்கே வோட்டுக்கும் ஒரு தகுதிப் பரீட்சை இருந்தது. மாநில அரசியல் சட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவைக் காட்டி, இதற்கு விளக்கம் எழுது என்பான் பதிவு அதிகாரி. எழுதியது சரியா தப்பா என்பதும் அவன் வைத்ததே சட்டம். பானி லூ ஹேமர் என்ற அம்மாள், சிறு குழந்தையாக இருந்தபோதே பருத்தி எடுக்கத் தொடங்கியவர், 1962 ஆகஸ்டு 31 அன்று இண்டியனோலா ஊருக்குப் போய் அந்தப் பரீட்சை எழுதினார். தேறவில்லை என்றார்கள். அன்று ராத்திரியே பண்ணையார் அவரை வேலையை விட்டும் வீட்டை விட்டும் துரத்தினான். பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணை! அடுத்த வருஷம் மறுபடி போய்த் தேறி லிஸ்டில் ஏறினார் என்பது வேறு கதை. 1965 சட்டம்தான் அந்தப் பரீட்சைகளுக்கு முடிவு கட்டிற்று.

மோசஸ் பிற்பாடு தான்சானியாவில் சில வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு வந்தார். 1982இல் அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் அல்ஜீப்ரா இல்லை. அவர் பள்ளிக்கே போய், தம் மகளையும் இன்னும் சில பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தாமே சொல்லிக் கொடுத்தார். அங்கே ஆரம்பித்ததுதான் 'அல்ஜீப்ரா திட்டம்'. பண்ணை வாசலில் பார்த்த அதே பூட்டைப் பள்ளி வாசலிலும் பார்த்தார். அன்று எழுத்துத் தெரியாதவன் வோட்டுக்கு வெளியே. இன்று அல்ஜீப்ரா தெரியாதவன் நல்ல வேலைக்கு வெளியே.

அவர் சொல்லிக் கொடுத்த முறையும் நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்கும். பிள்ளைகளை நிலத்தடி ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் போன பாதையைப் படம் போடச் சொல்வார். வாய்ப்பேச்சில் சொல்லச் சொல்வார். எந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்பினோம், எத்தனை ஸ்டேஷன், எந்தப் பக்கம்? கிளம்பிய ஸ்டேஷன் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், எதிர்ப்பக்கம் கழித்தல். பிள்ளைகள் பேசிப் பேசி, கடைசியில் தாங்களே குறி போட்டு எழுதிவிடுவார்கள். 'இவனுக்கு ஏறாது' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள்! 2021இல் மோசஸ் காலமானார்.

மற்றவர்கள் என்ன செய்து பார்த்தார்கள்? கலிபோர்னியா கல்வி வாரியம் 2008இல் எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் அல்ஜீப்ராப் பரீட்சை என்று உத்தரவு போட்டது, கோர்ட் தடுத்தது, 2013இல் வாரியமே அந்த வழியைக் கைவிட்டது. அடித்தளம் போடாமல் மாடி கட்டினால் நிற்குமா? சான் பிரான்சிஸ்கோ நகரம் நேர் எதிர்த் திக்கில் போயிற்று. சிலருக்கு மட்டும் என்பது அநியாயம், ஆகவே எட்டாம் வகுப்பில் யாருக்குமே வேண்டாம் என்று 2014இல் எடுத்துவிட்டது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் காசுள்ள வீட்டார் வெளியே பணம் கட்டிப் பிள்ளைக்குப் படிப்பித்துக்கொண்டார்கள். ஏழைப் பிள்ளைக்கு இருந்த ஒரே கதவும் சாத்தியது. 2024 மார்ச்சில் நகர மக்களிடம் அபிப்பிராய வோட்டு நடந்தபோது ஐந்தில் நாலு பேருக்கு மேல் திரும்பக் கொண்டு வா என்றார்கள். அதற்கு முந்தின மாதமே பள்ளி வாரியமும் இறங்கி வந்துவிட்டது.

டெக்ஸாஸுக்கு வருவோம். அங்கே டல்லாஸ் நகரப் பள்ளிகள் 2019இலேயே விதியைத் தலைகீழாக்கின. முன்பு, வேண்டும் என்று கேட்டவருக்கு இடம். இப்போது தகுதியுள்ள எல்லோருக்கும் இடம். வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கறுப்புப் பிள்ளைகளும் ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்புகளில் வெகுவாகப் பெருகினார்கள். 2023இல் மாநிலம் பூராவுக்கும் சட்டம் வந்தது: ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் மேலே உள்ள நூற்றுக்கு நாற்பது பேரைத் தானாகவே சேர்க்க வேண்டும். தோழரின் பேத்திக்கு வந்த தாள் இந்தச் சட்டத்தின் தாள்தான். மீதி அறுபது பேர் என்ன ஆவார்கள் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. ஐந்தாம் வகுப்பு மார்க்கு பிள்ளையின் மூளையை மட்டுமா காட்டுகிறது? அதுவரை அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. மோசஸ் கேட்டது எல்லோருக்கும் கதவு, அதற்கு முன்னால் எல்லோருக்கும் தயாரிப்பு. ஆனாலும், சிபாரிசு பார்த்துத் திறக்கிற கதவைவிடச் சட்டத்தால் திறக்கிற கதவு மேல்.

தோழருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பதில் இதுதான். வேண்டாமென்று எழுத வேண்டாம். பாடம் வேகமாக ஓடும்போது பிள்ளை பின்தங்கினால் பள்ளியில் என்ன உதவி உண்டு, இடையில் மாற்றிக்கொள்ள முடியுமா என்று இப்போதே போய்க் கேட்கட்டும். இன்னொன்றும் எழுதினோம். நம் ஊரிலிருந்து அங்கே போன குடும்பங்களுக்கு இந்தத் தாளைப் படிக்கத் தெரியும், விசாரிக்க நாலு பேரைத் தெரியும். பக்கத்து வீட்டாருக்கும் இது வந்திருக்கிறதா என்று பார், வந்திருந்தால் உட்கார்ந்து விளக்கிச் சொல் என்றோம்.

இன்று காலை பதில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் ஸ்பானிஷ் பேசும் அம்மாள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். அவர் மகனுக்கும் அதே தாள் வந்திருந்ததாம். ஏதோ பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று பயந்து, கையெழுத்துப் போடாமல் பதினைந்து நாளாக அலமாரியில் வைத்திருந்தாராம். பழைய விதியாக இருந்திருந்தால் பையனின் இடம் அந்த அலமாரியிலேயே போயிருக்கும். இப்போது, எழுதிக் கொடுக்காததாலேயே பையன் வகுப்பில் சேர்ந்துவிட்டான்.