ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

(கோலா தெர்லா வட்டாரப் பெரியவர்களுக்கு ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் மேல் மலாயில் இருக்கும் ஒரு வரியைத் தமிழில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ‘லாருத்கான்’ என்றால் ‘கரைக்கவும்’. பக்கத்திலேயே ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் முக்கியம்.

வயிற்றுப்போக்கில் தண்ணீரோடு உப்பும் வெளியேறிவிடுகிறது. வெறும் தண்ணீர் அதை ஈடுகட்டாது. உப்போடு அளவாகக் குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். 1971-இல் வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தில் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோனதால், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

அந்த ‘அளவாக’ என்பது என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 75 மில்லிமோல், சோடியம் 75 மில்லிமோல். ‘மோல்’ என்பது நம் ஊர் டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கைதான். ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம் எடை. பெரிய பாக்கெட்டில் 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. 180-ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். ஆகவே தண்ணீர் 1 லிட்டர். கால்பங்கு தூள் உள்ள சின்ன பாக்கெட்டுக்கு 250 மில்லி.

இங்கே கிடைப்பது பெரும்பாலும் 250 மில்லி பாக்கெட். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் கொண்டுவருவது 1 லிட்டர் பாக்கெட்டாக இருக்கலாம். அதை ஒரே கிளாஸில் கரைத்தால் சோடியம் நான்கு மடங்காகி 300-ஐத் தொடும். நம் இரத்தத்தில் இருப்பதோ 135 முதல் 145 வரைதான். அவ்வளவு உப்பு உடம்பின் தண்ணீரையே குடலுக்கு இழுத்துவிடும், போக்கு கூடும். பேரப்பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து. சின்ன பாக்கெட்டை 1 லிட்டரில் கரைத்தால் உப்பு போதாது.

அளவுக்கு 500 மில்லி மினரல் தண்ணீர் போத்தல் போதும்: பாதி போத்தல் 250, இரண்டு போத்தல் 1 லிட்டர். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பிறகு கரையுங்கள், கரைத்ததைக் கொதிக்கவைக்காதீர்கள். சீனி, சிராப், மைலோ எதுவும் சேர்க்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இனிப்புநீர், இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைவு, மயக்கம், குடித்ததெல்லாம் வாந்தி என்றால் வீட்டில் காத்திருக்காமல் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள்.