தண்ணி எங்க போகும்? மோகனூர் மொட்டை மாடியும் அமெரிக்க டெக்கும்

(பேசிய எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு கோடிங் இல்ல, ஏ.ஐ. இல்ல, அப்ரைசல் புலம்பலும் இல்ல. மொட்டை மாடியில பெய்யற மழைத் தண்ணி எங்க போகுது? அவ்ளோதான் டாபிக். போர் அடிக்கும்னு ஸ்கிப் பண்ணாதீங்க. இது ஒரு பொறியாளர் பண்ண தப்போட கதை. அந்தப் பொறியாளர் நான்தான்.

போன ஐப்பசி மாசம். மோகனூர்ல எங்க வீடு. அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, தினமும் மத்தியானம் சாப்பிட்டுட்டு கட்டில்ல கொஞ்ச நேரம் சாய்வாங்க. அன்னைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட வெளிய போயிருந்தாங்க. அந்த நேரத்துல சீலிங்ல இருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பேந்து, நேரா தலகாணி மேல விழுந்துடுச்சு.

அம்மா போன்ல சொன்னப்ப எனக்குப் பேச்சே வரல. ஏன்னா அந்த சீலிங்கை ரெண்டு வருஷம் முன்னாடி "சரி பண்ணது" நான்தான்.

அப்ப என்ன நடந்துச்சுன்னா, சீலிங்ல ஈரம் பூத்திருக்குன்னு அம்மா வீடியோ கால்ல காட்டினாங்க. நான் பெங்களூர்ல உக்காந்துக்கிட்டே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ஆர்டர் பண்ணி, பெயிண்டரை வரச்சொல்லி, உள்பக்கமா ரெண்டு கோட் அடிக்கச் சொன்னேன். கறை காணாம போச்சு. "பையன் அங்கிருந்தே வீட்டைப் பாத்துக்கறான்"னு ஊருக்குள்ள நல்ல பேரு வேற. மாடி மேல ஏறி ஒருத்தரும் பாக்கல.

காரை விழுந்த அப்புறம் ஊருக்குப் போனேன். எங்க பகுதியில ரொம்ப வருஷமா வேலை செய்யற ஒரு மேஸ்திரி வந்தாரு. சுத்தியல் காம்பால சீலிங்கை அங்கங்க தட்டினாரு. சில இடத்துல கெட்டியா சத்தம் வந்துச்சு. சில இடத்துல காலி டப்பா மாதிரி வந்துச்சு. அப்புறம் என்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, நாலு குடம் தண்ணிய ஊத்தச் சொன்னாரு. தண்ணி பைப் பக்கம் போகல. அம்மாயி ரூமுக்கு நேர் மேல போயி குளம் கட்டி நின்னுச்சு.

"தம்பி, நீங்க தண்ணிய நிறுத்தலைங்க. அது வெளிய வர்ற வழியத்தான் அடைச்சிருக்கீங்க"ன்னாரு.

நம்ம பாஷையில சொல்லணும்னா, எரரை கேட்ச் பண்ணிட்டு லாக் கூட எழுதாம முழுங்கற கோட் இருக்கே, அதான் நான் பண்ணது. ஸ்கிரீன்ல எல்லாம் பச்சை. உள்ள எரிஞ்சிட்டு இருக்கு.

உள்ள என்ன நடக்குது? கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை உண்டு. அது இருக்கற வரைக்கும் உள்ள இருக்கற கம்பி லேசுல துருப்பிடிக்காது. வருஷக்கணக்குல காத்து உள்ள போகப்போக அந்தக் காரம் குறையும். அதோட ஈரமும் சேர்ந்துச்சுன்னா துரு ஆரம்பிச்சிடும். துரு, அது தின்ன இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும். கான்கிரீட்டுக்குள்ள ஏது இடம்? அதனால கீழ இருக்கற காரையைத் தள்ளிட்டு வரும். ஈரக்கறை ஒரு எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை மேல நான் பெயிண்ட் அடிச்சுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம வாட்டர்ப்ரூஃபிங் வீடியோவா பாத்துட்டு இருந்தேன். அதுல அமெரிக்க வீடுகளோட டெக் வந்துச்சு. வீட்டுக்குப் பின்னாடி முதல் மாடி உயரத்துக்கு மரச்சட்டம் வச்சு, மேல பலகை அடிச்சு ஒரு திண்ணை மாதிரி கட்டுவாங்க. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல வேணும்னே இடைவெளி விடுவாங்க. மழை பெஞ்சா தண்ணி அது வழியா கீழ ஒழுகும். கீழ இருக்கற இடம் நனையாம இருக்க, டெக்குக்கு அடியில ஒரு வடிகால் அமைப்பு போடுவாங்க. இதுல ரெண்டு வகை இருக்கு.

ஒண்ணு, சட்டங்களுக்குக் கீழ சீலிங் மாதிரி தகடு மாட்டறது. கீழ நிக்கறவங்க நனைய மாட்டாங்க. ஆனா டெக்கைத் தாங்கற சட்டம் ஒவ்வொரு மழைக்கும் நனையும். இன்னொண்ணு, பலகை அடிக்கறதுக்கு முன்னாடியே சட்டங்களுக்கு மேல ரப்பர் இல்லன்னா பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவுல தொட்டி மாதிரி தொங்க விட்டு, ஒரு பக்கமா சரிவு கொடுத்து ஓரக் குழாய்க்குக் கொண்டு போறது. இதுல கீழ இருக்கற மனுஷனும் நனையல, மேல தாங்கற மரமும் நனையல.

அதைப் பாத்ததும் எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் பண்ணது முதல் வகை. கீழ படுக்கறவங்க மேல சொட்டக்கூடாதுன்னு மட்டும் யோசிச்சேன். அவங்களைத் தாங்கற கூரை நனையுதான்னு யோசிக்கவே இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டாவது வகை யோசனை நம்ம ஊர்ல ரொம்பப் பழசு. பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பாருங்க. தேக்கு உத்தரம், அது மேல செங்குத்தா அடுக்கின செங்கல், அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதுக்கும் மேல தட்டோடு. அந்த ஜல்லித் தளத்துல கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சு, மரக்கட்டையால நாள் கணக்குல அடிச்சு இறுக்குவாங்க. கான்கிரீட் கூரை வந்த அப்புறமும் மேல அந்தத் தளம் தொடர்ந்துச்சு. வெயிலைத் தாங்கறது அதோட ஒரு வேலைதான். தண்ணிக்கு வாட்டம் கொடுக்கறது இன்னொரு வேலை.

வாட்டம்னா சரிவு. மேஸ்திரி வாயில ஒரு நாளைக்கு இருபது தடவை வந்த வார்த்தை. நூறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்காவது இறங்கணும். அதாவது 10 அடிக்கு ஒன்னேகால் இன்ச் மாதிரி. கண்ணுக்கே தெரியாது, தண்ணிக்குத் தெரியும்.

சரி, என்ன பண்ணோம்? கம்பி வெளிய தெரிஞ்சதால முதல்ல ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டினோம். இதை மட்டும் யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க. கம்பி எவ்ளோ தேஞ்சிருக்குன்னு அவங்கதான் சொல்லணும். எங்களுக்கு நல்லவேளை, கூரையை இடிக்க வேண்டியதில்ல. லூசான காரையைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடிச்சு, ரிப்பேர் கலவை வச்சுப் பூசினாங்க.

மேல பழைய ஓட்டையும் தளத்தையும் எடுத்தாங்க. வெடிப்பை அடைச்சு, கூரை மேல நேரா வாட்டர்ப்ரூஃப் கோட். கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையை உருண்டையா பூசி, கோட்டை சுவர் மேலயும் கொஞ்சம் ஏத்தி அடிச்சாங்க. அப்புறம் பைப் வாயை அடைச்சு, ரெண்டு நாள் தண்ணி கட்டி கீழ ஈரம் வருதான்னு பாத்தோம். இதான் டெஸ்டிங். இதுல பாஸ் ஆன அப்புறம்தான் ஜல்லித் தளம், ரசமட்டம் வச்சு வாட்டம், கடைசியா ஓடு. ஓடு தண்ணிய நிறுத்தற சாமான்னு நினைச்சுட்டு இருந்தேன். இல்ல. டெக் பலகை மாதிரி அது நடக்கறதுக்கு. இணைப்பு வழியா தண்ணி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். காவல் அதுக்கு அடியில இருக்கு.

கடைசி கேள்வி, பைப்ல இறங்கற தண்ணி எங்க போகும்? 1,000 சதுர அடி மாடியில 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 4,600 லிட்டர். எங்க பைப் அதை அஸ்திவாரத்துக்குப் பக்கத்துலயே கொட்டிட்டு இருந்துச்சு. தமிழ்நாட்டுல 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. எங்க வீட்டுக் குழியில தென்னை மட்டை கிடந்துச்சு. தூர்வாரி, பைப்பை அங்க திருப்பினோம். ஊரை ஒட்டிக் காவிரி ஓடுது, ஆனா வீட்டுக்குத் தண்ணி போர்ல இருந்துதானே.

வெளியூர்ல இருக்கற மக்களே, அடுத்த தடவை ஊருக்குப் போனா ஒரே ஒரு வேலை பண்ணுங்க. மாடி ஏறி பைப் வாயில இருக்கற வேப்பிலையை அள்ளிப் போட்டுட்டு, ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துங்க. அரை மணி நேரம் கழிச்சு எங்க நிக்குதோ, அங்க சாக்பீஸ்ல ஒரு வட்டம் போடுங்க. அப்புறம் கீழ வந்து, அந்த வட்டத்துக்கு நேர் அடியில யார் படுக்கறாங்கன்னு பாருங்க.

அம்மாயி இப்ப கட்டிலைப் பழைய இடத்துலயே போட்டிருக்காங்க. நான் வேற ரூமுக்கு மாத்தலாம்னு சொன்னேன். "நீதான் சரி பண்ணிட்டியே கண்ணு"ன்னுட்டாங்க. போன தடவையும் இதையேதான் சொன்னாங்க. அதனால இந்த தடவை ஒவ்வொரு மழைக்கும் போன் பண்ணி கேக்கறேன்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம். மாடி ஏறிப் பாத்துட்டு வாங்க.