பேச்சுப் பயிற்சியில் இருக்கும் குழந்தை: முன்னேற்றத்தை எங்கே பார்ப்பது?



பள்ளியில் பேச்சுப் பயிற்சி பெறும் குழந்தைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது, "மூணு மாசமாச்சு, இன்னும் தெளிவா பேசலையே?" என்பதுதான். இந்த ஏக்கத்திலேயே சிலர் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இன்றைக்கு இதைப் பற்றி மட்டும் பேசலாம்.

உச்சரிப்பு வேறு, மொழி வேறு. 'ழ', 'ற' போன்ற ஒலிகள் பல குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். பழத்தைப் 'பலம்' என்று சொல்கிற பெரியவர்களே நம்மில் எத்தனை பேர்! ஆனால் இரண்டு வயது தாண்டியும் "அம்மா வா", "தண்ணி தா" என்று இரண்டு சொற்களைச் சேர்க்காத குழந்தையைக் காத்திருந்து பார்க்க வேண்டாம். "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு" என்ற சமாதானமும் வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள்.

பயிற்சி தொடங்கிய பிறகு எதைக் கவனிப்பது? முன்பு கையைப் பிடித்து இழுத்த குழந்தை இப்போது "தண்ணி" என்கிறதா? அது முன்னேற்றம். பிறகு "தண்ணி வேணும்". இன்னும் சில மாதங்களில் "அம்மாகிட்ட தண்ணி வேணும்". தமிழில் அந்த 'கிட்ட', 'ல', 'க்கு' எல்லாம் சொல்லோடு ஒட்டி வருவதால் நம் காதில் சட்டென விழாது. ஆனால் மொழி வளர்வது அங்கேதான். பயிற்சியாளரிடம் மட்டும் சொன்ன சொல்லைப் பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொன்னால், அது இன்னும் பெரிய விஷயம்.

இதற்கு ஒரு பழைய நோட்டுப் போதும். தேதி போட்டு, குழந்தை சொன்னதை அப்படியே எழுதுங்கள், திருத்தாமல். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். பயிற்சியாளருக்கும் அடுத்து என்ன செய்யலாம் என்று புரியும்.

பயிற்சியாளர் குழந்தையோடு இருப்பது வாரத்தில் கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் உங்களோடும் வகுப்பு ஆசிரியரோடும்தான். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். குழந்தை "பஸ்" என்றால், நீங்கள் "ஆமா, பெரிய பஸ் வருது" என்று நீட்டிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் ஐந்து விநாடி பொறுங்கள். நாமே பதில் சொல்லிவிடுவதுதான் வழக்கம்! வீட்டில் தெலுங்கோ உருதோ பேசினால் அதை நிறுத்த வேண்டியதில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில்தான் நிறையப் பேச முடியும்.

எங்கே போவது? பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர்கள் வழிகாட்டுவார்கள். சின்னக் குழந்தை என்றால் அங்கன்வாடியில் சொல்லலாம். தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும் அரசுப் பள்ளிக்கு 1 முறையும் வர வேண்டும். தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். 18 வயது வரை அங்கே இலவசம். பேச்சு, மொழிக் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. "பேச்சு வரட்டும், அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று எந்தப் பள்ளியாவது சொன்னால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழையுங்கள். போகும்போது அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துட்டுப் போங்க.