கையெழுத்துக் கேட்கும் காகிதங்கள்

வயலையும் கடையையும் ஒருநாள் விட்டுவிட்டு வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் தம்பிமாரே, தங்கைமாரே!

இன்னும் சற்று நேரத்தில் உங்கள் கையில் ஒரு சான்றிதழ் வந்து சேரும். அதைக் காட்டினால் திருமண்டலத்தில் வேலை உண்டு, சம்பளம் உண்டு, குடியிருக்கப் பார்சனேஜ் உண்டு. வீட்டில் பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் தொடங்கிவிடுவார்கள். எல்லாம் நல்லதே. நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, படித்து முடித்தேன் என்று சொன்னாலே போலீஸ் தேடி வரக்கூடிய ஓர் இறையியல் பள்ளியைப் பற்றி.

அதன் பெயர் ஃபின்கன்வால்டே. ஜெர்மனியின் பொமரேனியாவில், ஸ்டெட்டின் நகரத்துக்கு அருகே இருந்தது. இன்று அந்த இடம் போலந்துக்குள் இருக்கிறது. ஹிட்லரின் கொள்கையைச் சபைக்குள் கொண்டுவந்தவர்களோடு ஒத்துப்போக மறுத்த ‘அறிக்கையிடும் திருச்சபை’ தன் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க நடத்திய பள்ளி. 1935 ஏப்ரலில் பால்டிக் கடற்கரையில் சிங்ஸ்ட் என்ற ஊரில் தொடங்கி, சில வாரங்களில் ஃபின்கன்வால்டேக்கு மாறியது. 1937 செப்டம்பர் இறுதியில் ஹிட்லர் அரசின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ வந்து இழுத்து மூடியது. இரண்டரை ஆண்டுகூட நிறையவில்லை.

அதன் தலைவர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். அப்போது அவருக்கு 29 வயது. அதற்குச் சற்று முன்பு அவர் இந்தியாவுக்கு வரத் துடித்துக்கொண்டிருந்தார். லண்டனில் ஜெர்மன் சபைகளுக்குப் போதகராக இருந்தபோது, சிச்செஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் அவருக்காகக் காந்திக்குக் கடிதம் எழுதினார். காந்தியும் ஆசிரமத்தில் வந்து தங்கலாம் என்று 1934 நவம்பரில் பதில் போட்டார். அந்தப் பயணம் நடந்திருந்தால் நம் சரித்திரத்தில் ஒரு சுவையான அத்தியாயம் கூடியிருக்கும். அதைக் கைவிட்டுவிட்டு, கட்டிலும் மேசையும்கூடச் சரியாக இல்லாத ஒரு வீட்டில் பாடம் நடத்தப் போனார் அவர். நாற்காலிக்கும் புத்தகத்துக்கும் சபைகளிடம் உதவி கேட்டு மாணவர் ஒருவர் செய்யுளாகவே விண்ணப்பம் எழுதினார். சுற்றுவட்டாரச் சபையார் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். காலையில் ஒரே வேதப்பகுதியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் தியானிக்க வேண்டும் என்பது அங்கே விதி. மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். நீங்களும் முணுமுணுத்திருப்பீர்கள்.

போன்ஹோஃபரைப் பற்றி நம் மேடைகளில் பேசுகிறவர்கள் நேரே தூக்குமரத்துக்குப் போய்விடுவார்கள். 1945 ஏப்ரல் 9, ஃப்ளோசன்புர்க் முகாம், வயது 39. உண்மைதான். ஆனால் உங்களில் யாரையும் தூக்கிலிடப் போவதில்லை. தூக்குமரத்தையே அளவுகோலாக வைத்தால், நமக்கு அப்படி ஒரு சோதனை வரவில்லை என்று நிம்மதியாக வீடு திரும்பலாம். எனக்கு அவருடைய மாணவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். அவர்களிடம் கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்கான விலையை முதலில் கேட்டவன் கொலைகாரன் அல்லன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த, மரியாதை தெரிந்த ஓர் அலுவலர்.

1935 டிசம்பரில் ஓர் அரசாணை வந்தது. அறிக்கையிடும் திருச்சபை தானாகப் போதகர்களைப் பயிற்றுவிப்பதும் அபிஷேகம் செய்வதும் செல்லாது என்று ஆனது. அன்று முதல் அந்த மாணவர்களுக்கு ‘சட்டவிரோதப் போதகர்கள்’ என்று பெயர். அங்கே போதகர் சம்பளம் சபைவரியிலிருந்து அதிகாரபூர்வச் சபை நிர்வாகம் வழியாக வருவது. இவர்களுக்கு அது கிடையாது. பார்சனேஜ் கிடையாது. கொடுக்கிறவர்களின் காணிக்கையில் பிழைக்க வேண்டும். 1937 நவம்பருக்குள் பழைய மாணவர்களில் 27 பேர் கைதாகியிருந்தார்கள். சீஷத்துவத்தைப் பற்றிய போன்ஹோஃபரின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது அதே ஆண்டின் இறுதியில்தான். மனந்திரும்பாமலே மன்னிப்பு, சிலுவை இல்லாமலே கிருபை என்று மலிவு விலைக்கு விற்கும் சபையை அதில் அவர் சாடியதைப் படித்திருப்பீர்கள், பரீட்சையிலும் எழுதியிருப்பீர்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: சம்பளம் நின்றுபோன பையன்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வகுப்பில் சொன்னவை அந்த வார்த்தைகள்.

பிறகு அந்த அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார். அதிகாரபூர்வ நிர்வாகத்தின் முன் வந்து தேர்வு எழுது, அதன் அதிகாரத்தை ஏற்றுக்கொள். உன் பணி முறைப்படியாகிவிடும், சம்பளம் வரும், வீடு வரும். விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லவில்லை. இயேசுவை மறுதலி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு விண்ணப்பம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். 1938 வாக்கில் பலர் போட்டுவிட்டார்கள்.

அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் சொன்ன நியாயங்களைக் கேளுங்கள். என் ஆடுகளுக்கு மேய்ப்பன் வேண்டாமா? நான் விலகினால் என் இடத்துக்கு ஹிட்லர் கட்சிப் போதகன் வருவானே? கல்யாணத்துக்காக எத்தனை வருஷம் ஒரு பெண்ணைக் காக்க வைப்பது? இதில் எது பொய்? போன்ஹோஃபர் அவர்களோடு கடிதம் கடிதமாக வாதாடினார், மன்றாடினார். சபையின் எஜமான் யார் என்ற கேள்விக்கு அந்தக் காகிதம் ஒரு பதில் சொல்கிறது. அந்தப் பதிலின் கீழ்தான் நீ கையெழுத்திடுகிறாய் என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டியவனுக்கு அது எவ்வளவு கடினமான சரி என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

அதே 1938இல் இன்னொரு காகிதம் வந்தது. இது சற்று வெட்கக்கேடான கதை. சபைத் தலைமை அலுவலகத்தை நடத்திய ஃப்ரீட்ரிஷ் வெர்னர் என்ற வழக்கறிஞர், ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாளில், போதகர்கள் எல்லோரும் ஹிட்லருக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார். மறுத்தால் வேலை போகும். அறிக்கையிடும் திருச்சபையின் பிரஷ்யச் சினாடு கூடிக் கூடிப் பேசிவிட்டு, அவரவர் மனச்சாட்சிப்படி செய்யலாம் என்று விட்டுவிட்டது. பெரும்பான்மையோர் பிரமாணம் செய்தார்கள். கோடை முடிவதற்குள் ஹிட்லர் கட்சியின் மார்ட்டின் போர்மன் எழுதிய ஒரு சுற்றறிக்கை வெளியே கசிந்தது. இது சபைகள் தாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு, இதற்கும் கட்சிக்கும் சம்பந்தம் இல்லை என்பது அதன் சாரம். யாரும் கேட்காத விலைக்குத் தங்கள் மனச்சாட்சியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றார்கள் அந்தப் போதகர்கள். சபை வரலாற்றில் இதைவிடப் பெரிய துரோகங்கள் உண்டு. இதைவிட அசட்டுத்தனமானது ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வசந்தகாலத்தில், புகன்வால்ட் முகாமில், ஒருவர் ஸ்வஸ்திகா கொடிக்கு முன் தொப்பியைக் கழற்ற மறுத்தார். பால் ஷ்னைடர். டிக்கன்ஷீட் என்ற சிற்றூரின் போதகர், ஆறு பிள்ளைகளின் தகப்பன். சவுக்கடிக்குப் பின் தனிச்சிறை. சிறைச் சன்னலிலிருந்து வெளியே நிற்கும் கைதிகளுக்கு வசனம் சொல்லிக் கத்துவார்; அடி விழும்; மறுபடியும் கத்துவார். 1939 ஜூலை 18 அன்று ஊசி மருந்தால் அவரைக் கொன்றார்கள். அவர் விடுதலையாக ஒரு வழி இருந்தது. என் சபைக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். அவர் போடவில்லை. முத்திரையிட்ட சவப்பெட்டியை வாங்கிக்கொண்டு போக அவர் மனைவி மார்கரெட்தான் முகாமுக்கு வர வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யலாமா? சரி என்று மேடையிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று சொல்கிற பிரசங்கியை நான் நம்புவதும் இல்லை.

இப்போது ஒரு பெண். ஃபின்கன்வால்டேயில் ஆண்கள் மட்டுமே படித்தார்கள். இன்று இங்கே தங்கைமாரும் இருப்பதால், இவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கத்தரினா ஷ்டாரிட்ஸ், இறையியலில் முனைவர். பெண் என்பதால் ஆயர் பதவி இல்லை. பிரெஸ்லாவ் நகரத்தில் ‘நகர விகார்’ என்ற பொறுப்பு. 1941 செப்டம்பரில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று சட்டம் வந்தது. யூத வம்சத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர்களும் அதற்குத் தப்பவில்லை. அந்த நட்சத்திரத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் வந்தால் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? ஷ்டாரிட்ஸ் நகரத்துப் போதகர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அவர்களைத் தனியே விடாதீர்கள், வாசலில் வரவேற்று இடம் காட்டுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், தேவைப்பட்டால் வீட்டிலிருந்து கூட்டி வாருங்கள். இவ்வளவுதான் விஷயம். புரட்சி செய்யச் சொல்லவில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைப் பற்றி ஒரு கடிதம்.

அவரை முதலில் தண்டித்தது கெஸ்டபோ என்று நினைப்பீர்கள். இல்லை. அவருடைய சபை நிர்வாகமே பணி இடைநீக்கம் செய்து ஊரை விட்டுப் போகச் சொன்னது. ஹிட்லர் கட்சியின் எஸ்.எஸ். படை நடத்திய பத்திரிகை அவரைக் கேலி செய்து எழுதியது. 1942 மார்ச்சில் கைது, பிறகு ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாம். 1943இல் விடுதலையாகி உயிர் பிழைத்தார். அவர் கடிதம் எழுதிய அதே ஆண்டு டிசம்பரில், ஏழு மாகாணச் சபைகள் யூத வம்சத்துக் கிறிஸ்தவர்களைச் சபை ஐக்கியத்திலிருந்தே விலக்கி அறிக்கை விட்டன.

யார் பக்கத்தில் யார் உட்காருவது. தமிழ்நாட்டுச் சபையில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகள் சாதியைக் கைவிட வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எத்தனையோ குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வெளியேறின. பிரச்சினை உபதேசத்தைப் பற்றியது அல்ல. ஆலயத்தில் உட்காரும் இடமும், திருவிருந்துப் பாத்திரத்தில் யார் வாய் முதலில் படுவது என்பதும்தான். அதன் பிறகு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் போய்விட்டன. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் நடுவே சுவர் நிற்கிற ஊர்கள் நமக்குத் தெரியும். திருமண்டலத் தேர்தலில் எந்த ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவர்களையும் தெரியும். அப்படி ஒரு சேகரத்துக்கு உங்களில் யாராவது போவீர்கள். ஒரு சனிக்கிழமை மாலை நான்கு பெரியவர்கள் வந்து, காப்பி குடித்து, குடும்ப நலம் விசாரித்து, பழைய வழக்கம் ஒன்று உண்டு, ஐயா அதை மாற்ற வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வார்கள். அம்மாவும் பிள்ளைகளும் இங்கே சௌகரியமாக இருக்கிறார்கள் அல்லவா என்றும் கேட்பார்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் விலைப்பட்டியல்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று ஆண்டவர் கேட்டது லூக்கா 14இல் இருக்கிறது. பாதியில் நின்றுபோன ஆலயக் கட்டடங்கள் ஊர்தோறும் உள்ள நாட்டில் அதற்கு வியாக்கியானம் தேவையில்லை. ஆனால் நாம் பெரும்பாலும் அந்த உவமையைக் கட்டட நிதி ஆராதனைக்கே பயன்படுத்துகிறோம். அவர் அதைச் சொன்னது தம் பின்னால் திரண்டு வந்த ஜனக்கூட்டத்தைப் பார்த்து, கொஞ்சம் நின்று யோசியுங்கள் என்று தடுப்பதற்காக.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படுகிற கஷ்டம் எல்லாம் சிலுவை ஆகிவிடாது. சங்கக் கணக்கு இடித்து ஆடிட்டர் கேள்வி கேட்டால் அது சிலுவை அல்ல. வாய்த்துடுக்கால் டிரான்ஸ்பர் வாங்கினால் அதுவும் அல்ல. சிலுவையைத் தேடிப் போகவும் வேண்டாம். போன்ஹோஃபரே 1939 ஜூனில் நண்பர்களின் ஏற்பாட்டில் நியூயார்க்குக்குப் போனார். போர் வரப்போகிறது, அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவருக்கு அங்கே தூக்கம் வரவில்லை. தன் மாணவர்கள் அங்கே, தான் இங்கே என்ற நினைப்பு. அடுத்த மாதமே கப்பல் ஏறிவிட்டார். வீரமரணம் தேடிப் போனவர் என்று அவரைச் சொல்ல முடியாது. தன் ஆட்கள் இருக்கிற இடத்துக்குத் திரும்பிப் போனார். திரும்பிய பிறகு அவர் செய்த வேலைகளில் ஒன்று, போர்முனைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பழைய மாணவர்களுக்குச் சுற்றுக்கடிதம் எழுதுவது. ஒவ்வொரு கடிதத்திலும் இறந்தவர்களின் பெயர்கள் கூடிக்கொண்டே போயின.

கடைசியாக ஒன்று. இது மாணவர்களுக்கு அல்ல. என்னோடு மேடையில் அமர்ந்திருப்பவர்களுக்கு. ஃபின்கன்வால்டே மாணவர்களுக்குச் சம்பளம் நின்றபோது, ஒரு சபை காணிக்கை எடுத்து அவர்களைத் தாங்கியது. போதாத காணிக்கைதான், இருந்தும் எடுத்தது. ஷ்டாரிட்ஸுக்கு அவர் வேலை செய்த நிர்வாகம் அதையும் செய்யவில்லை. பின்வரிசைக்காரரை முன்வரிசைக்கு அழைத்ததற்காக இந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஒருநாள் சேகரத்தை இழப்பார். அந்த மாதம் அவர் வீட்டு வாடகை யார் கொடுப்பது? பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தை யார் கட்டுவது? இந்தப் பிள்ளைகளிடம் மட்டும் விலையைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மண்டபத்துக்கு நாம் எழுந்து போவது நியாயம் ஆகாது. இதற்கென்று ஒரு நிதி வேண்டும். அதை யார் கையில் வைப்பது, எந்தப் பேராயரும் எந்தச் செயலரும் நிறுத்த முடியாதபடி எப்படி எழுதிவைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி, இந்தப் பெற்றோர்கள் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.