சுவரை உடைக்குமுன் உறுதியைப் பாருங்கள்



கிண்ணியாவில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, மூன்று வீடு இருப்பது புதினமில்லை. மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசும்போது வாப்பா ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பார். வசதி இல்லையென்றால் தாங்கள் இருந்த வீட்டையே அவளுக்கு எழுதிவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பின்பக்கம் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இளையவளின் முறை வரும்போது அந்தச் சின்ன வீடும் வளர்ந்து அவள் பெயருக்குப் போகும். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். கிழக்கில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஊறிய வழக்கம் இது. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஒன்றை இரண்டாக்கிப் பழகிய ஊர் நம்முடையது. இன்று நான் பேச வந்ததோ இரண்டை ஒன்றாக்குவதைப் பற்றி. ராத்தா குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்திலேயே தங்கச்சி நாலு பிள்ளைகளோடு இரண்டு அறைக்குள் நெருக்குப்படுகிறார். மேசன் வந்து பார்க்கிறார். இடைவெளிக்கு மேலே தகரத்தைப் போட்டு, இந்தச் சுவரில் ஒரு கதவு, அந்தச் சுவரில் ஒரு கதவு வெட்டினால் முடிந்தது என்கிறார். 'உள்ளுக்குள்ள செய்யிற வேலதானே, இதுக்கெல்லாம் சபைக்குப் போகணுமா?' என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

போகத்தான் வேண்டும்.

இலங்கையில் வீடு கட்டுவதற்கான அடிப்படைச் சட்டம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்ல, இருக்கும் கட்டடத்தில் மாற்றம் செய்வதற்கும் உள்ளூராட்சி சபையின் எழுத்துமூல அனுமதி தேவை என்கிறது அது. எதெல்லாம் மாற்றம் என்று ஒரு பட்டியலும் தருகிறது. கூரை போடுவது, வெளிச்சுவரையோ பொதுச் சுவரையோ கட்டுவது, அறை சேர்ப்பது, கட்டடங்களுக்கு நடுவே உள்ள வெளியைக் கூரையிட்டு மூடுவது, இவையெல்லாம் அதில் வருகின்றன. ஒரு வீட்டைப் பல குடியிருப்புகளாகப் பிரிப்பதும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. முந்திய வருடம், 1914 இல், கொழும்பில் பிளேக் நோய் பரவியிருந்தது. நெரிசலைக் கண்டு பயந்த காலத்தில் எழுதியவர்கள் பிரிப்பதைத்தான் கவனித்தார்கள்.

'அப்படியென்றால் சேர்ப்பதற்கு அனுமதி வேண்டாமே' என்று கெட்டிக்கார மச்சான் ஒருவர் வாதாடக்கூடும். வாதம் நிற்காது. இடைவெளியைக் கூரையால் மூடாமல், சுவரில் கை வைக்காமல், குசினியையும் குளியலறையையும் இடம் மாற்றாமல் இரண்டு வீட்டை எப்படி ஒன்றாக்குவது? அந்த வேலை ஒவ்வொன்றும் பட்டியலில் சிக்கிவிடும். அனுமதி இல்லாமல் கட்டியதை, நீதவான் நீதிமன்றத்தின் கட்டளை பெற்று இடிக்கவும் சபைக்கு வழி உண்டு.

இதற்கு மேலே இன்னும் இரண்டு அடுக்கு இருக்கிறது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடமென்றால், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். கடலோரமென்றால், உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொல்லி, பிறகு தளர்த்தினார்கள். அந்த அலைச்சல் நம் ஊருக்கு மறந்திருக்காது. ஆகவே பிளான் வரையக் காசு கொடுக்குமுன், உங்கள் காணி எந்த எல்லைக்குள் விழுகிறது என்பதைச் சபையில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

உலகத்தில் எல்லா இடத்திலும் இதை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. லண்டனில் வீட்டுத் தட்டுப்பாடு. அங்கே ரிச்மண்ட் பகுதியில் ஏழு ஃபிளாட்களாக இருந்த கட்டடத்தை ஒரே வீடாக்கும் வழக்கு நீதிமன்றம் வரை போய், ஒரு வகைக் குடியிருப்புகள் குறைந்துபோவதையும் திட்டமிடல் விஷயமாகக் கணக்கில் எடுக்கலாம் என்று 2000 இல் தீர்ப்பாயிற்று. சிங்கப்பூரில் கதை தலைகீழ். அடுக்குமாடி வீடுகள் விற்காமல் தேங்கிய 1980களின் கடைசியில், வீடமைப்புச் சபையே பக்கத்துப் பக்கத்து வீடுகளை இணைத்துப் பெரிய வீடாக விற்றது. அவற்றை இன்றும் 'ஜம்போ' வீடு என்கிறார்கள். கிண்ணியாவில் இந்தக் கவலை இரண்டும் இல்லை. ஒரு வீடு குறைந்துபோகிறதே என்று சபை உங்களைத் தடுக்கப்போவதில்லை. அது பார்ப்பது காற்று, வெளிச்சம், கழிவுநீர், கட்டடத்தின் உறுதி, தெருவிலிருந்து விட வேண்டிய தூரம்.

காணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது என்பது குடியிருப்புகளுக்கு வழமையான எல்லை. நம் வளவுகளில் திறந்த வெளி என்று மிஞ்சியிருப்பதே அந்த இரண்டு வீட்டுக்கும் இடைப்பட்ட துண்டுதான். அதையும் மூடினால் எல்லை தாண்டிவிடும். அதோடு, அந்தத் துண்டுக்குள்தான் பெரும்பாலும் மலசலகூடக் குழி இருக்கும். குழிக்கு மேலே தரை போட்டு, மார்பிள் பதித்து, அதன் மேலே சாப்பாட்டு மேசை வைத்தால், குழி நிரம்பும் நாளில் பவுசர்க் குழாயை எங்கே விடுவது? மணல் தரை, நிலத்தடி நீரோ பக்கத்தில். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து குழியையும் கிணற்றையும் பார்ப்பதை இடைஞ்சலாக நினைக்க வேண்டாம். இரண்டு கூரையின் தண்ணீரும் முன்பு தத்தம் பக்கம் விழுந்தது. இனி நடுவே ஒரு பீலியில் சேரும். மார்கழி மழையை அந்தப் பீலி தாங்குமா என்பதை மேசனிடமல்ல, பிளான் வரைபவரிடம் கேளுங்கள்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறும். இரண்டு மீட்டரில் அறுபது, அறுபது அலகாக ஓடியது ஒரே மீட்டரில் நூற்றிருபதாகும்போது பில் கூடும். அதனால் பலர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, வயரை இங்குமங்கும் இழுக்கிறார்கள். இரண்டு இணைப்பும் இரண்டு வேறு மின்கட்டத்திலிருந்து (ஃபேஸ்) வந்திருந்தால், அவற்றுக்கிடையே 230 அல்ல, 400 வோல்ட். ஒரு இணைப்பை நிறுத்திவிட்டு வேலை செய்பவருக்கு மற்றது உயிரோடு இருப்பது தெரியாமல் போகலாம். மின்சார அலுவலகத்துக்கு அறிவித்துச் சரியாகச் செய்வது மலிவு.

இவையெல்லாம் காசும் நேரமும் செலவழித்தால் தீரும். தீராத ஒன்று காணி உறுதி.

அந்த இரண்டு வீடும் இரண்டு பெண்களின் பெயரில் இருக்கின்றன. நம் பகுதியில் ஒரு பெண் கையில் உள்ள பெரிய சொத்து பெரும்பாலும் அந்த வீடுதான். விவாகரத்தானாலும் கணவன் மௌத்தானாலும் அவளை வெளியே போகச் சொல்ல யாராலும் முடியாமல் இருப்பது அதனால்தான். சுனாமி வீடுகள் கொடுத்தபோது குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரைப் போட்டதால், முன்பு பெண்ணின் பெயரிலிருந்த சொத்து கைமாறியது என்று கிழக்கிலே பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. வீட்டை இணைக்கும்போதும் அதேதான் சத்தமில்லாமல் நடக்கக்கூடும். வங்கிக் கடனுக்கு ஒரே உறுதி இருந்தால் லேசு என்பார்கள். ராத்தா வெளிநாட்டிலிருந்து ஓர் அற்றோணித் தத்துவம் அனுப்புவார். சர்வேயர் இரண்டு துண்டையும் சேர்த்து ஒரு பிளான் கீறுவார். கடைசியில் உறுதி தங்கச்சி கணவரின் பெயரில் முடிந்திருக்கும். யாரும் யாரையும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள்.

ராத்தா தன் பங்கை உண்மையாகவே விற்கவில்லையென்றால், காணியைச் சேர்க்காதீர்கள் என்பதே என் எண்ணம். உறுதி இரண்டாகவே இருக்கட்டும். இரண்டு உரிமையாளரும் கையெழுத்திட்டு, ஒரு கட்டடப் பிளானுக்கு அனுமதி கேட்கலாமா என்று சபையில் விசாரியுங்கள். வெட்டும் கதவை, நாளைக்குக் கல் வைத்து அடைக்கக்கூடிய இடத்தில் வெட்டுங்கள். இரண்டாவது குசினியின் தண்ணீர்க் குழாயை அடைத்து வையுங்கள், பிடுங்கி எறியாதீர்கள். இன்றைய நாலு பிள்ளைகளில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தால், இருபது வருடத்தில் அதே வீட்டை மறுபடி இரண்டாக்க வேண்டிவரும். அப்போதும் சபையின் அனுமதி வேண்டும்; பிரிப்பதைச் சட்டம் தனியாகவே சொல்கிறது.

காணி பெர்மிட்டிலோ அளிப்புப் பத்திரத்திலோ இருந்தால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காணியை நொத்தாரிசிடம் போய் நாமாகக் கைமாற்ற முடியாது. அந்தச் சட்டத்தின் வாரிசு வரிசையில் மகனுக்கு இருந்த முன்னுரிமை 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் பெண்கள் தெரிந்து வைத்திருங்கள்.

சபை தரும் கட்டட அனுமதி ஒரு வருடத்துக்குச் செல்லும். அதற்குள் முடியாவிட்டால் நீடிக்கக் கேளுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். நம் ஆட்கள் மறக்கும் கடுதாசி இதுதான். விற்கும்போதோ கடன் எடுக்கும்போதோ முதலில் கேட்பதும் இதைத்தான்.