மௌத்துச் செய்தியும் விசாக் காகிதமும்
(தக்கலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குளச்சலிலும் திருவிதாங்கோட்டிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சபர் போன ஆள் இல்லாத வீடு எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணி விடலாம். அந்த வீடுகளில் ஒன்றுக்கு நடுச்சாமத்தில் ஒரு போன் வருகிறது. இன்னாலில்லாஹி சொல்கிறோம். ஜனாஸாவை அங்கேயே அடக்குவதா, ஊருக்குக் கொண்டு வருவதா என்று ஜமாஅத்தைக் கூட்டிப் பேசுகிறோம். ஆனால் மௌத்தானவரின் பெயரை நம்பி நின்ற மனைவி மக்களின் விசா என்னவாயிற்று என்று கேட்பவர் யார்?

சில வருடங்களுக்கு முன் நம் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை. குடும்ப விசா வந்து விட்டது. பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பிங்கும் முடிந்து, பெட்டி கட்டி, பயணம் சொல்லிக் கொண்டிருந்த நேரம். அங்கே அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்து விட்டது. விசா எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் அந்தப் பெண்ணிடம் சொல்கிறார்: "விசா அடித்தாயிற்று, பேசாமல் ஏறி விடுங்கள்!" யார் வந்து அழைத்துப் போவார்? எந்த வீட்டில் இறங்குவாள்? அந்த விசாவைத் தாங்கிய மனிதர் மண்ணறைக்குப் போய் விட்டார். விசா மட்டும் எப்படி உயிரோடிருக்கும்? நாங்கள் போய்த் தடுத்தோம். ஏஜெண்ட் வாங்கிய காசு திரும்பவில்லை, அது வேறு கதை.

இது நமக்கு மட்டும் வரும் சோதனை அல்ல. 2017 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஓலேத் என்ற ஊரில், ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் சீனிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்டார். "என் நாட்டை விட்டுப் போ" என்று கத்திக் கொண்டு சுட்டான் அந்த வெறியன். அவரையும் உடனிருந்த நண்பரையும் ஈரான்காரர்கள் என்று நினைத்துச் சுட்டானாம்! வெறுப்புக்குக் கண் தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த மனைவி சுனயனா துமாலாவின் நிலையைப் பாருங்கள். அவர் இருந்தது கணவரைச் சார்ந்த விசாவில். கணவரின் உயிர் போன அதே இரவில் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போய் விட்டது. ஈமச் சடங்குக்காக ஹைதராபாத் வந்தவர் திரும்பிப் போக முடியுமா என்பதே கேள்வியானது. கெவின் யோடர் என்ற அந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தலையிட்டதால்தான் அவரால் திரும்பிப் போய் வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. உலகமே பேசிய கொலை, ஒரு உறுப்பினர் கை கொடுத்தார். ரியாத்தில் சாலை விபத்தில் மௌத்தாகும் டிரைவரின் மனைவிக்கு யார் கை கொடுப்பது?

சவூதியில் மனைவி மக்களின் இகாமா குடும்பத் தலைவரின் இகாமாவோடு கட்டப்பட்டது. அவர் போய் விட்டால் எக்சிட் அடித்து ஊர் வர வேண்டும், அல்லது வேறொருவர் பொறுப்பில் மாற வேண்டும். அமீரகம் 2018 அக்டோபரில் ஒரு நல்ல காரியம் செய்தது. கணவன் பொறுப்பில் அங்கே இருந்த பெண் விதவையானால், வேறு பொறுப்பாளர் இல்லாமலேயே ஓராண்டு தங்கலாம் என்று அறிவித்தது. இத்தா இருக்கவும், பிள்ளைகளின் படிப்பை முடிக்கவும், வேலை தேடவும் அந்த ஓராண்டு பெரிய நிஃமத். ஆனால் ஊரில் விசாவுக்குக் காத்திருப்பவளுக்கு இது உதவாது.

இனி அமெரிக்கா. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கே குடியுரிமை பெற்று, கூடப் பிறந்தவர்களுக்கு மனு போடுகிறார்கள். இந்தியர்களுக்கு இந்த வரிசை 15 ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. 15 ஆண்டில் எத்தனை மௌத்து விழும்! மனுப் போட்ட காக்கா மௌத்தானால், ஏற்கப்பட்ட மனுவும் அந்தக் கணமே ரத்தாகி விடும். அதுதான் சட்டம். பயனடைய வேண்டிய உறவினர் அந்த நேரம் அமெரிக்காவிலேயே குடியிருந்து, தொடர்ந்தும் இருந்தால், 2009 அக்டோபர் 28-ல் வந்த சட்டத்தின்படி மனுவைத் தொடர வழி உண்டு. ஊரில் இருப்பவருக்கோ ஒரே வாசல்தான். மனு முன்பே ஏற்கப்பட்டிருந்தால், மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கும்படி எழுதிக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். மௌத்தானவரின் இடத்தில் பொருளாதாரப் பொறுப்பேற்க, அங்கே குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள நெருங்கிய உறவினர் ஒருவர் வேண்டும். காக்காவின் மனைவியே அப்படிக் கையெழுத்திடலாம். பலருக்கு இது தெரியாது. மனு ஏற்கப்படும் முன்பே மௌத் நேர்ந்து, உறவினர் ஊரில் இருந்தால், கதவு மூடியது என்றே எண்ண வேண்டும்.

குடியுரிமை பெற்ற கணவரை இழந்தவளுக்கு மட்டும் தனி வழி. அவள் எங்கிருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் தானே மனுச் செய்யலாம். முன்பெல்லாம் திருமணம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற கொடுமை இருந்தது. 2009-ல் அதை எடுத்து விட்டார்கள். ஆனால் அட்டை கைக்கு வருமுன் அவள் மறுமணம் செய்தால் அந்த உரிமை போய் விடும். இத்தா முடிந்தால் மறுமணம் அவளுக்கு மார்க்கம் தந்த உரிமை. விசாவுக்காக அதைத் தள்ளிப்போடு என்று நான் சொல்ல மாட்டேன். செய்து கொள் என்று நெருக்கவும் மாட்டேன். விவரத்தை அவளிடம் சொல்லி விடுங்கள், முடிவு அவளுடையது.

மௌத்தை மறைத்து நேர்காணலுக்குப் போகச் சொல்கிறார்களே, அதைப் பற்றியும் பேச வேண்டும். பொய் ஹராம் என்பது ஒரு பக்கம். மனு செத்த பின் வாங்கிய விசாவில் கால் வைத்தவர், பத்து வருடம் கழித்துப் பிடிபட்டாலும் எல்லாவற்றையும் இழப்பார். அவர் மூலம் போன பிள்ளைகளும் சேர்ந்தே சிக்குவார்கள்.

கடைசியாக இத்தா. நான்கு மாதம் பத்து நாள் என்பது குர்ஆன் சொன்ன கணக்கு, அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆனால், "இத்தாவில் இருக்கிறாள், கையெழுத்துப் போட வர மாட்டாள்" என்று மைத்துனர்மார் வாசலில் நிற்கிறார்களே! தேவைக்காகப் பகலில் வெளியே போய் வரலாம் என்று ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் இருக்கிறது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, சம்பள பாக்கிக்கு அதிகாரப் பத்திரம், தூதரகத்துக்குச் சம்மதக் கடிதம் எல்லாம் தேவை இல்லாமல் வேறென்ன? அவள் கையெழுத்தைத் தடுப்பவர்களில் எத்தனை பேர் இத்தாவுக்காகத் தடுக்கிறார்கள், எத்தனை பேர் சம்பள பாக்கிக்காகத் தடுக்கிறார்கள் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். நமக்கும் கொஞ்சம் தெரியும்!

சபராளிகள் வீட்டில் பாஸ்போர்ட், இகாமா, நிக்காஹ் பதிவு, மனு ஏற்பு நோட்டீஸ் இவற்றின் நகல் ஒரு செட் இருக்கட்டும், மனைவிக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பின் கிளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். நகல் எடுத்துத் தர இரண்டு தம்பிமார் இருப்பார்கள்.

வஸ்ஸலாம்.