இணைகோட்டுக்கு முகவரி கொடுத்த பிள்ளைகள்



கி.மு. 414இல் ஏதென்ஸ் நகரத்து நாடக அரங்கில் ஒரு வடிவியல் அறிஞர் உதை வாங்கினார். நாடகத்தின் பெயர் 'பறவைகள்', எழுதியவர் அரிஸ்டோஃபனீஸ். பறவைகள் ஆகாயத்தில் ஒரு நகரம் கட்டுகின்றன. சேதி பரவியதும் மேட்டன் என்பவர் அளவுகோலும் கவராயமுமாக வந்து இறங்குகிறார். காற்றை மனை மனையாக அளந்து தருகிறேன், நடுவில் சந்தை, அதை நோக்கி எல்லாத் திசையிலிருந்தும் நேர்த்தெரு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நகரத்தை நிறுவியவர் அவரை அடித்துத் துரத்துகிறார். மேட்டன் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஏதென்ஸில் நிஜமாகவே வாழ்ந்த வானியல் அறிஞர். ஊரைக் கோடு போட்டுக் கட்டலாம் என்று வருகிறவரைப் பார்த்து மக்கள் சிரிப்பது அவ்வளவு பழைய வழக்கம். ஆனாலும் கோடு போடுகிறவர்கள் ஓயவில்லை.

அந்த வேலையை இன்றைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 'ஃபியூச்சர் சிட்டி' என்றொரு போட்டி 1990களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காகத் தொடங்கிய போட்டி அது. குறைந்தது நூறு ஆண்டு கழித்து எழும்பப்போகும் ஒரு நகரத்தை அவர்கள் யோசிக்க வேண்டும். ஓர் ஆண்டு நிலாவில் நகரம் கேட்டார்கள். இன்னோர் ஆண்டு நீரில் மிதக்கும் நகரம். கட்டுரை எழுத வேண்டும், மாதிரி செய்ய வேண்டும், நடுவர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். மாதிரி அளவுத்திட்டப்படி இருக்க வேண்டும்; அதில் ஒரு பாகமாவது அசைய வேண்டும்; பயன்படுத்தி ஒதுக்கிய பொருள்களைக் கொண்டு செய்ய வேண்டும். செலவுக்கு வரம்பு பல ஆண்டுகளாக 100 டாலர். இந்தக் கடைசி விதியைப் போட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். அப்பாவின் பணம் கட்டிய நகரம் எது, பிள்ளையின் மூளை கட்டிய நகரம் எது என்பதைப் பழைய அட்டைப்பெட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

இறுதிச்சுற்று நடக்கும் வாஷிங்டனே ஒரு வடிவியல் தேர்வுத்தாள்தான். 1791இல் பியேர் லான்ஃபான் அந்த ஊருக்குத் திட்டம் வரைந்தபோது, நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டு, அதன் மேல் அகலமான மூலைவிட்டச் சாலைகளை இழுத்தார். பார்வைக்குக் கம்பீரம். ஆனால் மூலைவிட்டம் கட்டத்தை வெட்டிய இடமெல்லாம் குறுங்கோண மனைகள் மிஞ்சின. கூரான முனையில் யார் எப்படி வீடு கட்டுவது? அந்தத் துண்டுகளில் பல இன்று சின்னச் சின்ன முக்கோணப் பூங்காக்களாக நிற்கின்றன.

போட்டிக்கெல்லாம் போகாத சாதாரண வகுப்பறையிலும் இந்தப் பயிற்சி உண்டு. அமெரிக்க ஆசிரியர்கள் பலர் கொடுக்கிற வேலை இது: இணையாகச் சில தெருக்கள் போடு, அவற்றைக் குறுக்குவெட்டியாக ஒரு தெரு தாண்டட்டும். வங்கியும் அஞ்சலகமும் ஒன்றுவிட்ட உட்கோணங்களில் வரட்டும். பள்ளியும் தீயணைப்பு நிலையமும் ஒத்த கோணங்களில் வரட்டும். பிறகு வண்ணம் தீட்டி, ஊருக்கு ஒரு பெயர் வைத்துக் கொண்டுவா. பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள். ஒத்த கோணம் எது, ஒன்றுவிட்ட கோணம் எது என்ற குழப்பமும் தீர்ந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். வங்கி இருக்கும் இடத்தில் பள்ளியைத் தூக்கி வைத்தாலும் அந்த விடைத்தாளில் எதுவும் மாறாது. கோணத்தின் மேல் கட்டடத்தின் பெயர் ஒட்டியிருக்கிறதே தவிர, அந்தக் கட்டடத்துக்கும் கோணத்துக்கும் உறவு இல்லை. அது பாதிப் பாடம். மீதிப் பாதி, 'ஏன் அங்கே வைத்தாய்?' என்று கேட்கும்போது தொடங்குகிறது.

அந்தக் கேள்வியைப் பாடத்திட்டமாகவே மாற்றியவர் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியை டோரீன் நெல்சன். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியின் தங்கை. 1960களின் இறுதியிலேயே பிள்ளைகளை நகரம் கட்ட வைத்துப் பாடம் நடத்தும் முறையை அவர் உருவாக்கத் தொடங்கினார். அண்ணன் கெரியும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊர் கட்டியிருக்கிறார். 'கிட் சிட்டி' என்ற பெயரில் அது படமாகவும் வந்தது. நெல்சனின் முறை நம் வழக்கத்துக்குத் தலைகீழ். முதலில் கட்டு, தவித்துப் பார், பாடம் அப்புறம் வரும். ஆளுக்கொரு மனைத்துண்டு கொடுப்பார்கள். எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகச் சேர்க்கும்போது, இவள் தெரு போய் முடிகிற இடத்தில் அவன் வீட்டுச் சுவர் நிற்கக் கூடும். அந்த நிமிடத்தில் பிள்ளைகளுக்கு மேயர் தேவைப்படுகிறார், சாய்வும் வெட்டுத்துண்டும் தேவைப்படுகின்றன. நம் பிள்ளைகள் இந்த இரண்டு சொல்லையும் கரும்பலகையில் பார்த்ததோடு சரி.

மாதிரி நகரத்தில் முதலில் சறுக்கும் இடம் அளவுத்திட்டம். 1 சென்டிமீட்டருக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டு ஊரை அழகாகக் கட்டிவிடுவார்கள். கடைசி நாளில் தம்பியின் பொம்மைக் கார் ஒன்று தெருவில் வந்து நிற்கும். கார் 7 சென்டிமீட்டர். அப்படியானால் அந்த ஊர்க் கணக்குப்படி அது 70 மீட்டர் நீள வண்டி! நீளம் 1,000 மடங்கு சுருங்கும்போது பரப்பு 10 லட்சம் மடங்கும் கன அளவு 100 கோடி மடங்கும் சுருங்குகின்றன. நீர்த்தொட்டிக்கு எவ்வளவு பெரிய டப்பா எடுப்பது என்று கணக்குப் போடும் மாணவிக்கு இது நெட்டுருப் போட வேண்டிய சூத்திரமாகத் தெரியாது.

அடுத்தது தீயணைப்பு நிலையம். ஊரில் மூன்று குடியிருப்புகள். மூன்றுக்கும் சம தூரத்தில் நிலையம் வேண்டும். புத்தகம் படித்த பிள்ளை உடனே கவராயத்தை எடுக்கும்: இரண்டு பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடு வரை, அவை வெட்டும் புள்ளி சுற்றுவட்ட மையம், முடிந்தது வேலை. முடியவில்லை. கிழக்கு மேற்காக இரண்டு குடியிருப்புகள், நடுவே 8 கிலோமீட்டர். அந்தக் கோட்டின் நடுப்புள்ளிக்கு வடக்கே 2 கிலோமீட்டரில் மூன்றாவது குடியிருப்பு. இந்த முக்கோணத்துக்குச் சுற்றுவட்ட மையம் எங்கே விழுகிறது தெரியுமா? முக்கோணத்துக்கு வெளியே, கோட்டுக்குத் தெற்கே 3 கிலோமீட்டரில். அங்கிருந்து மூன்று குடியிருப்புக்கும் மிகச் சரியாக 5 கிலோமீட்டர். சமத்துவம் என்றால் இதுவல்லவா சமத்துவம்! ஆனால் நிலையத்தைக் கோட்டின் நடுப்புள்ளியிலேயே வைத்துப் பாருங்கள். இருவருக்கு 4 கிலோமீட்டர், மூன்றாமவருக்கு 2. தூரம் சமமாக இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் குறைந்திருக்கிறது. விரிகோண முக்கோணம் என்றால் மிக நீளமான பக்கத்தின் நடுப்புள்ளிதான் சிறந்த இடம். தேர்வில் சுற்றுவட்ட மையத்துக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். தீப்பிடித்த வீட்டுக்கு வண்டி தாமதமாகப் போகும்.

நேர்கோட்டில் அளப்பதும் போதாது. தீயணைப்பு வண்டி பறந்து போவதில்லை. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் ஸ்ட்ரீட் அடிகுழாயைச் சுற்றி நேர்ந்த மரணங்களை வரைபடத்தில் குறித்தார். பின்னர் வெளிவந்த வரைபடத்தில் ஒரு கோடும் சேர்த்தார். அந்தக் குழாய்க்கும் அக்கம்பக்கத்துக் குழாய்களுக்கும் சம தூரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு அது. அந்தத் தூரத்தை அவர் தெருவழியே நடக்கும் தூரமாகக் கணக்கிட்டார். அந்தக் கோட்டுக்குள்தான் மரணங்கள் குவிந்திருந்தன. மையக்குத்துக்கோடு தெருவில் இறங்கி நடந்தால் இப்படித்தான் வளைந்து நெளிந்து போகும்.

கட்டம் கட்டமாக ஊர் போட்டாலே சிந்தனை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் பார்சிலோனாவின் மூலைகளைப் பார்க்க வேண்டும். 1859இல் அந்த மாநகராட்சி நடத்திய போட்டியில் வென்றது ரோவிரா என்பவரின் ஆரத் திட்டம். மத்திய அரசோ இல்டெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளரின் கட்டத் திட்டத்தைத் தலையில் கட்டியது. ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 113 மீட்டர் பக்கமுள்ள சதுரம். தெரு பெரும்பாலும் 20 மீட்டர் அகலம். செர்தா சதுரத்தின் நான்கு மூலையையும் 45 பாகையில் சீவிவிட்டார். நீராவி வண்டிகள் தெருவில் ஓடப்போகின்றன, அவை திரும்ப இடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. மோட்டார் கார் பிறக்காத காலம் அது!

மாணவர்கள் இதைத் தாளில் செய்து பார்க்கலாம். சீவிய விளிம்பின் நீளமும் தெருவின் அகலத்தைப் போல 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கர்ணம் 20 என்றால் மற்ற இரு பக்கங்களும் 14 மீட்டருக்குச் சற்று மேல். வெட்டி எடுத்த முக்கோணத்தின் பரப்பு 100 சதுர மீட்டர். நான்கு மூலைக்கு 400. சதுரத்தின் பரப்பு ஏறத்தாழ 12,800 சதுர மீட்டர். அதாவது மனைக்காரர் இழப்பது ஏறத்தாழ 3 சதவீதம்தான். பதிலுக்கு ஒவ்வொரு சந்திப்பும் 20 மீட்டர் பக்கமுள்ள ஓர் ஒழுங்கு எண்கோணமாக, 1,900 சதுர மீட்டருக்கு மேல் விரிந்துவிடுகிறது. கட்டத்தின் நடுவே செர்தா விட்டுவைத்த தோட்டங்களைப் பிற்காலத்தில் பெரும்பாலும் கட்டடங்கள் விழுங்கிவிட்டன. சீவிய மூலைகளை யாராலும் விழுங்க முடியவில்லை. அண்மை ஆண்டுகளில் சில சந்திப்புகளில் கார்களைக் குறைத்து மரமும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டு உதாரணம் ஒன்று. ஜெய்ப்பூரை 1727இல் நிறுவிய சவாய் ஜெய்சிங்கின் அவையில் ஜகந்நாத சாம்ராட் என்ற அறிஞர் இருந்தார். யூக்ளிடின் வடிவியல் நூலை அரபு மொழி வழியாக 'ரேகாகணிதம்' என்று சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த அவையின் கனவில் நகரம் ஒன்பது சதுரங்கள். ஒரு மூலையில் மலை குறுக்கே நின்றது. மலையை இடிக்கவில்லை. அந்த ஒரு சதுரத்தைத் தூக்கித் தென்கிழக்குப் பக்கம் வைத்துவிட்டு, மீதி எட்டை அப்படியே கட்டி முடித்தார்கள். இன்றைக்கும் ஜெய்ப்பூரின் வரைபடத்தில் அந்தத் துருத்தல் தெரிகிறது.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாதிரி நகரம் செய்யச் சொல்லி அட்டை கொடுக்கும்போது, வெற்று அட்டையாகக் கொடுக்காதீர்கள். ஒரு மூலையில் ஏரி ஒன்றை ஒட்டிவிடுங்கள்; குறுக்கே தண்டவாளம் ஒன்றை வரைந்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஐம்பது வீடு, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் கவராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பீரியட் முழுக்கத் திண்டாடட்டும். மதிப்பெண்ணை அதற்கு அடுத்த பீரியடில் போடலாம்.